மூளையின் காவலரைக் கண்ட மேதை: பீயோ தெல் ரியோ ஓர்த்தேகா

காலில் ஒரு சிறு முள் தைத்தாலும் அந்த இடம் சிவந்து வீங்கி விடுகிறது. இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்கள் அங்கே விரைந்து சென்று கிருமிகளோடு போரிடுவதன் அடையாளமே அது என்பதை நாம் வகுப்பறையில் படித்திருக்கிறோம். ஆனால், கடினமான மண்டையோட்டுக்குள் பத்திரமாக வைக்கப்பட்டிருக்கும் மூளைக்குக் காவல் யார்? அங்கே கழிவு சேர்ந்தால் அகற்றுவோர் யார்? காயம் பட்டால் ஓடி வருவோர் யார்? இருபதாம் நூற்றாண்டு பிறந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் இவ்வினாக்களுக்குத் தெளிவான விடை கூற மருத்துவ உலகால் இயலவில்லை. 1919-ஆம் ஆண்டில் அந்த விடையை உலகுக்கு வழங்கியவர் ஸ்பெயின் நாட்டு மருத்துவர் பீயோ தெல் ரியோ ஓர்த்தேகா.

நரம்பு மண்டலத்தை ஆராயும் விஞ்ஞானிகள் எல்லோரும் இவர் பெயரை அறிவர். நம் மாணவியருக்கோ இவர் புதியவராக இருக்கலாம். உலகில் இன்று 5 கோடிக்கும் மேற்பட்ட முதியோர் நினைவு இழக்கும் நோயால் துன்புறுகின்றனர். பெற்ற பிள்ளையின் பெயரையும் மறந்து, பழகிய வீட்டிலேயே வழி தெரியாமல் தவிக்கும் நிலை அது. அந்த நோய்க்கு மருந்து தேடும் அறிஞர்கள், நூறாண்டுகளுக்கு முன் ஓர்த்தேகா கண்ட அந்தச் சின்னஞ்சிறு அணுக்களையே இன்று உற்று நோக்குகின்றனர். ஆகவே அவரது வாழ்வை நாம் அறிந்துகொள்வது பயனுள்ளதாகும்.

பிறப்பும் கல்வியும்

ஸ்பெயின் நாட்டின் நடுப்பகுதியிலே, வல்யதோலித் மாகாணத்தில் போர்த்தியோ என்னும் சிற்றூர் உள்ளது. பழைய கோட்டையொன்று அவ்வூருக்கு அணிகலனாய் நிற்கிறது. அங்கே 1882-ஆம் ஆண்டு மே திங்கள் 5-ஆம் நாள் ஓர்த்தேகா பிறந்தார். வல்யதோலித் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று 1905-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். பின்னர்த் தம் சொந்த ஊருக்கே திரும்பிச் சில காலம் கிராம மருத்துவராகப் பணியாற்றினார்.

ஊர் மக்களின் அன்பும், நிலையான வருவாயும், அமைதியான வாழ்வும் அவருக்குக் கிட்டியிருக்கும். ஆயினும் அவர் மனம் நுண்ணோக்கியையே நாடியது. கண்ணுக்குத் தெரியும் நோய்க்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கத்தானே வேண்டும்? அதைக் காண விழைந்தார். மூளையில் தோன்றும் கட்டிகளைப் பற்றி ஆராய்ந்து மாட்ரிட் நகரில் டாக்டர் பட்டம் பெற்றார். 1913-ஆம் ஆண்டு அரசின் உதவித்தொகை பெற்றுப் பாரிசுக்கும் பெர்லினுக்கும் சென்று மேற்பயிற்சி பெறலானார். 1914-இல் முதல் உலகப் போர் மூண்டது. பயிற்சி பாதியில் நின்றது. தாய்நாடு திரும்பிய அவர் மாட்ரிட் நகரில் ஆய்வைத் தொடர்ந்தார்.

நல்லாசிரியர் ஒருவர்

அக்காலத்தில் மாட்ரிட் நகரம் நரம்பியல் ஆராய்ச்சியின் தலைநகராகத் திகழ்ந்தது என்றால் மிகையாகாது. 1906-ஆம் ஆண்டு நோபெல் பரிசு பெற்ற சந்தியாகோ ரமோன் இ கஹால் அங்கேதான் இருந்தார். மூளை என்பது தனித்தனி நரம்பணுக்களால் ஆனது என்று நிறுவிய பெருமகன் அவர். அவருடைய மாணவர்களில் ஒருவரான நிக்கொலாஸ் அச்சூக்காரோ என்னும் இளம் மருத்துவரின் ஆய்வுக்கூடத்தில் ஓர்த்தேகா சேர்ந்தார்.

இந்த அச்சூக்காரோ ஜெர்மனியில் மியூனிக் நகரில் அலாய்ஸ் அல்ஸைமர் என்பவரிடம் பயின்றவர். நினைவு இழக்கும் நோயுற்றிருந்த ஒரு பெண்மணி இறந்த பின் அவரது மூளையை ஆராய்ந்து, 1906-ஆம் ஆண்டில் அதனை உலகுக்கு விளக்கிய அதே அல்ஸைமர்தான். இன்று அந்நோய் அவர் பெயராலேயே வழங்குகிறது. இவ்வாறு அல்ஸைமரிடம் கற்றவரிடம் ஓர்த்தேகா கற்றார். நோயைக் கண்டவருக்கும், அந்நோயோடு போரிடும் அணுவைக் கண்டவருக்கும் இடையே ஒரே ஓர் ஆசிரியர்தாம் நிற்கிறார் என்பது நம் சிந்தனைக்குரியது.

அச்சூக்காரோ கனிவு மிக்கவர், மாணவர்களை ஊக்குவிப்பவர். ஆனால் கொடிய நோய் அவரைப் பற்றியது. 1918-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், தமது 37-ஆம் வயதில் அவர் மறைந்தார். ஆசிரியரை இழந்த துயரத்தோடு, அவர் விட்டுச் சென்ற ஆய்வுக்கூடத்தின் பொறுப்பும் ஓர்த்தேகாவின் தோளில் விழுந்தது.

மூன்றாவது பொருள்

ஓர்த்தேகா என்ன கண்டுபிடித்தார் என்பதை விளங்கிக்கொள்ள, அன்றைய நிலையைச் சற்றே நாம் அறிய வேண்டும். மூளையில் நரம்பணுக்கள் உள்ளன, இவை முதற்பொருள். அவற்றைத் தாங்கி நிற்கும் துணை அணுக்களும் உள்ளன. இவற்றுக்குக் கிளியா என்று பெயர். கிரேக்க மொழியில் பசை என்பது அதன் பொருள். இத்துணை அணுக்களில் விண்மீன் போலக் கிளைகள் விரித்திருப்பவற்றைக் கஹால் 1913-ஆம் ஆண்டில் தங்க உப்பைக் கொண்டு சாயமேற்றித் தெளிவாகக் காட்டினார். இவை இரண்டாவது பொருள். இவ்விரண்டிலும் சேராத சிறிய அணுக்கள் இன்னும் எஞ்சியிருந்தன. எந்தச் சாயத்தைப் போட்டாலும் அவற்றின் உட்கரு மட்டுமே சிறு பொட்டாகத் தெரிந்தது. கிளைகளோ உடலோ தென்படவில்லை. கிளையற்ற இவ்வணுக்களைக் கஹால் மூன்றாவது பொருள் என்று குறித்து வைத்தார்.

உண்மையில் அவற்றுக்குக் கிளைகள் இருந்தன. சாயம் அவற்றில் ஏறவில்லை, அவ்வளவே!

மூளைத் திசு நிறமற்றது, ஒளி ஊடுருவக்கூடியது. மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் வைத்தால் ஏதும் விளங்காது. தகுந்த சாயம் ஏறினால்தான் அணு கண்ணுக்குப் புலப்படும். ஆகவே புதிய சாயமுறை கண்டவனே புதிய அணுவைக் காண்பான் என்ற நிலை இருந்தது. அச்சூக்காரோ வெள்ளி உப்பைக் கொண்டு ஒரு முறையை வகுத்திருந்தார். ஓர்த்தேகா அதனைப் பலவாறு மாற்றி மாற்றிச் சோதித்தார். இறுதியில் 1918-ஆம் ஆண்டு, அம்மோனியா கலந்த வெள்ளி கார்பனேட் கரைசலைப் பயன்படுத்தும் முறையைக் கண்டார்.

அம்முறை சமையலைப் போன்றது எனலாம். மூளைத் துண்டை முதலில் ஃபார்மலினும் புரோமைடும் கலந்த நீரில் ஊறவைக்க வேண்டும். பின்னர் உறையவைத்து மெல்லிய சீவல்களாக அறுக்க வேண்டும். அவற்றை வெள்ளிக் கரைசலில் தோய்த்தெடுத்து, மறுபடி ஃபார்மலினில் இட வேண்டும். வெள்ளி நுண்துகள்களாய்ப் படிந்து அணுக்கள் கருமையாகத் தோன்றும். ஊறும் நேரத்தையும் சூட்டையும் சிறிது கூட்டினால் ஒருவகை அணு தெரியும். சிறிது குறைத்தால் வேறொரு வகை தெரியும். பதம் தவறினால் ஒன்றுமே தெரியாது. எண்ணற்ற முறை பதம் தவறியும் சலிக்காத கைகளுக்குத்தான் அந்த வெள்ளி வசப்பட்டது.

காவலர்கள் வெளிப்பட்டனர்

1919-ஆம் ஆண்டு ஓர்த்தேகா தம் முடிவுகளைத் தொடர் கட்டுரைகளாக வெளியிட்டார். மூன்றாவது பொருள் என்று கூறப்பட்டதில் ஒரு பகுதி, நுண்ணிய கிளைகள் பல விரித்த தனி இனம் என்று அவர் காட்டினார். அதற்கு மைக்ரோகிளியா என்று பெயரிட்டார். பல ஆண்டுகள் மருத்துவ நூல்களில் அவை ஓர்த்தேகா அணுக்கள் என்றும் வழங்கின.

அவர் பெயரிட்டதோடு நிற்கவில்லை. அவை எங்கிருந்து வருகின்றன, என்ன செய்கின்றன என்றும் ஆராய்ந்தார். மூளையின் பிற அணுக்கள் கருவின் வெளிப்படலத்திலிருந்து உருவாகின்றன. மைக்ரோகிளியாவோ வேறிடத்தில் தோன்றி, சிசுவின் மூளை வளரும் காலத்தில் உள்ளே வந்து குடியேறுகின்றன என்றார் அவர். குடியேறிய பின் ஒவ்வோர் அணுவும் தனக்கென ஓர் எல்லை வகுத்துக்கொள்கிறது. ஒன்றன் எல்லைக்குள் மற்றொன்று நுழைவதில்லை. ஊர்க்காவலர்கள் தெருத் தெருவாகப் பிரிந்து நிற்பது போன்றதே இது. அமைதிக் காலத்தில் கிளைகளை விரித்து நிற்கின்றன. மூளையில் காயமோ நோயோ ஏற்பட்டால், கிளைகளை உள்ளிழுத்து உருண்டு திரண்டு, அவ்விடத்துக்கு நகர்ந்து, எண்ணிக்கையிலும் பெருகி, இறந்த அணுக்களையும் கழிவுகளையும் விழுங்கிவிடுகின்றன.

பைத்திய நோயுற்று இறந்தோரின் மூளையில் கோல் போன்ற விந்தையான அணுக்களை ஜெர்மானிய அறிஞர் நிஸில் முன்னரே கண்டிருந்தார். அவை எவை என்பது புதிராக இருந்தது. போர்க்கோலம் பூண்ட மைக்ரோகிளியாவே அவை என்று ஓர்த்தேகா விளக்கினார். இவற்றையெல்லாம் அவர் இறந்த திசுவின் அசையாத படங்களைக் கொண்டே உணர்ந்தார் என்பதை நாம் மறந்துவிடலாகாது. உயிருள்ள மூளையில் ஓர் அணு நகர்வதைக் காணும் கருவி அன்று எவரிடமும் இல்லை.

கசப்பான நாட்கள்

நற்செயல் புரிந்தோர்க்கெல்லாம் பாராட்டு உடனே வந்துவிடுவதில்லை. ஓர்த்தேகாவின் முடிவைக் கஹால் முழுமையாக ஏற்கவில்லை. ஸ்காட்லாந்து அறிஞர் ராபர்ட்சன் என்பவர் இவ்வணுக்களை முன்னரே கண்டுவிட்டார் என்று கஹால் கருதினார். போதாக்குறைக்கு ஆய்வுக்கூடத்தில் கோள் சொல்வோரும் இருந்தனர். ஓர்த்தேகாவுக்கும் பிறருக்கும் இடையே எழுந்த சச்சரவுகள் பெரியவரின் செவிக்குத் திரித்துச் சொல்லப்பட்டன. முடிவில், 1920-ஆம் ஆண்டு, தமது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியேறுமாறு ஓர்த்தேகாவுக்குக் கஹால் கடிதம் எழுதினார்.

தாம் தெய்வம்போல் மதித்த ஆசான் கதவடைத்தால் எவர் மனம்தான் உடையாது? ஓர்த்தேகா மிக வருந்தினார். ஆனால் பணியை விடவில்லை. மாணவர் இல்லம் என்று பெயர் பெற்ற மாட்ரிட் நகர விடுதியில் அவருக்கென ஓர் ஆய்வுக்கூடம் அமைந்தது. கவிஞர் லோர்க்காவும் ஓவியர் தாலியும் இளமையில் தங்கிய அதே விடுதிதான் அது. அங்கே அவர் மூன்றாவது பொருளின் மறுபகுதியையும் தெளிவுபடுத்தினார். சில கிளைகளே உடைய வேறோர் இன அணுக்களைக் கண்டு, 1921-ஆம் ஆண்டில் அவற்றுக்கு ஒலிகோடென்ட்ரோகிளியா என்று பெயரிட்டார். மின்கம்பியின் மேல் ரப்பர் உறை இருப்பதுபோல், நரம்பிழையின் மேல் கொழுப்புறை ஒன்று உண்டு. மூளையில் அவ்வுறையை உண்டாக்குபவை இவ்வணுக்களே என்பது பின்னாளில் உறுதியாயிற்று.

1924-ஆம் ஆண்டு அமெரிக்காவிலிருந்து வைல்டர் பென்ஃபீல்டு என்னும் இளம் அறுவை மருத்துவர் மாட்ரிட் வந்தார். பின்னாளில் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் புகழ்பெற்ற நரம்பியல் நிலையத்தை நிறுவியவர் இவரே. ஓர்த்தேகா தம் சாயமுறைகள் எதனையும் மறைக்காமல் அவருக்குக் கற்றுக்கொடுத்தார். ராபர்ட்சன் கண்டவை உண்மையில் ஒலிகோடென்ட்ரோகிளியாவே, மைக்ரோகிளியா அல்ல என்பதைப் பென்ஃபீல்டு எடுத்துக்காட்டினார். இவ்வாறு, மைக்ரோகிளியாவைக் கண்ட பெருமை ஓர்த்தேகாவுக்கே உரியது என்பது ஐயமற நிலைநாட்டப்பட்டது. தம்மிடம் கற்க வந்தவருக்கு மனமுவந்து வழங்கிய கல்வியே, அவருக்கு நீதி பெற்றுத் தந்தது!

காலப்போக்கில் கஹாலுடனான மனத்தாங்கலும் தணிந்தது. 1934-ஆம் ஆண்டு கஹால் மறைந்தார். பிற்காலத்தில் ஓர்த்தேகா தம் நினைவுகளை எழுதி வைத்தபோது, ஆசானும் நானும் என்ற பொருள்படும் தலைப்பையே அந்நூல் தாங்கியது. வெளியேற்றியவரை ஆசான் என்றே கடைசி வரை அழைத்த பண்பை நாம் என்னென்பது!

நாடு துறந்த நாயகன்

நோபெல் பரிசுக்கு ஓர்த்தேகாவின் பெயர் முன்மொழியப்பட்டது. ஆனால் பரிசு கிட்டவில்லை. மாட்ரிட் நகரில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை தாங்கி, மூளைக் கட்டிகளை வகைப்படுத்தும் பணியில் அவர் ஈடுபட்டிருந்தார். 1936-ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் வெடித்தது. உடன்பிறந்தாரே எதிரெதிர் அணியில் நின்று மாய்ந்த கொடும்போர் அது. பல்லாண்டு உழைப்பில் உருவான ஆய்வுக்கூடத்தைத் துறந்து அவர் வெளியேற நேர்ந்தது.

முதலில் பாரிஸ் சென்று, அறுவை மருத்துவர் குளோவிஸ் வின்சென்டுடன் பணியாற்றினார். அடுத்து இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு நகருக்குச் சென்று, ஹியூ கெய்ர்ன்ஸ் என்னும் மருத்துவரின் துறையில் ஆய்வைத் தொடர்ந்தார். அங்கும் இரண்டாம் உலகப் போரின் நிழல் படர்ந்தது. 1940-ஆம் ஆண்டு கடல் கடந்து அர்ஜென்டினா சென்றார். புவெனஸ் அயர்ஸ் நகரில் ஸ்பானியக் கலாச்சாரக் கழகத்தாரின் ஆதரவில் மீண்டும் ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். திசுவியலுக்கென ஓர் ஆய்விதழையும் 1942-இல் தொடங்கினார். அறுபது வயதில், அந்நிய மண்ணில், முதலிலிருந்து தொடங்கும் துணிவு எத்தனை பேருக்கு வரும்?

உடலைப் புற்றுநோய் அரித்தது. 1945-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாள், தமது 63-ஆம் வயதில் ஓர்த்தேகா கண்மூடினார். தாயகத்தை அவர் மீண்டும் காணவில்லை. 41 ஆண்டுகள் கழித்து, 1986-இல், அவரது எலும்புகள் கப்பலேறிய மண்ணிலிருந்து மீட்டு வரப்பட்டு, வல்யதோலித் நகரில் பெரியோர்க்கான கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டன. அந்நகரின் பெரிய மருத்துவமனையொன்று இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

விதை முளைத்தது

ஓர்த்தேகா மறைந்த பின் நெடுங்காலம் மைக்ரோகிளியாவைப் பெரிதாக எவரும் கண்டுகொள்ளவில்லை. நரம்பணுவே எல்லாம் என்று கருதிய காலம் அது. 1980-களின் பிற்பகுதியில் கனடாவில் வாழ்ந்த எடித் மெக்கீர், பாட்ரிக் மெக்கீர் தம்பதியர் ஓர் உண்மையை வெளியிட்டனர். அல்ஸைமர் நோயாலும், கைகால் நடுங்கும் பார்க்கின்சன் நோயாலும் இறந்தோரின் மூளையில், மைக்ரோகிளியா அணுக்கள் பெரும் கிளர்ச்சியுற்று நிற்கின்றன என்பதே அது.

2005-ஆம் ஆண்டில் புதிய லேசர் நுண்ணோக்கியின் உதவியால், உயிருள்ள சுண்டெலியின் மூளையில் மைக்ரோகிளியாவை நேரிலேயே கண்டனர். அமைதியாக நிற்பதாக எண்ணப்பட்ட அணுக்கள் ஒரு கணமும் ஓயவில்லை! கிளைகளை நீட்டியும் சுருக்கியும் சுற்றுப்புறத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தன. சில மணி நேரத்துக்கு ஒரு முறை மூளை முழுவதும் இவ்வாறு சோதிக்கப்பட்டு விடுகிறதாம். சிறு காயம் உண்டாக்கியபோது சில நிமிடங்களில் கிளைகள் அதைச் சூழ்ந்துகொண்டன. 2010-ஆம் ஆண்டில் மற்றோர் உண்மை வெளியாயிற்று. மைக்ரோகிளியா, கருவுக்கு வெளியேயுள்ள மஞ்சட்கருப் பையில் தோன்றி, மூளைக்குள் வந்து குடியேறுகின்றன. வேறிடத்திலிருந்து வந்தவை என்று 1919-இல் ஓர்த்தேகா கூறியது மெய்யாயிற்று.

காவலரா, கள்வரா?

இங்கேதான் ஒரு சிக்கல் எழுகிறது. நினைவு இழக்கும் நோயில் இந்த அணுக்கள் நன்மை செய்கின்றனவா, தீமை செய்கின்றனவா?

அல்ஸைமர் நோயில் அமிலாய்டு என்னும் புரதம் மூளையில் திட்டுத் திட்டாகப் படிகிறது. மைக்ரோகிளியா அதைச் சூழ்ந்து நின்று, வேலி கட்டியும் விழுங்கியும் தடுக்கப் பார்க்கின்றன. ஆனால் ஓயாத போரில் வெறி கொண்ட வீரன் தன் ஊரையே கொளுத்துவதுபோல், அவை வெளிவிடும் பொருள்கள் நலமான நரம்பணுக்களையும் தாக்கக்கூடும். குழந்தைப் பருவத்தில் தேவையற்ற நரம்பிணைப்புகளைக் கத்தரித்து மூளையைச் செப்பனிடுவதும் இவற்றின் வேலையே. அமெரிக்க அறிவியலார் பெத் ஸ்டீவன்ஸ் அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இதை ஆராய்ந்தனர். முதுமையில் அதே கத்தரிக்கோல் தவறான இடத்தில் மீண்டும் இயங்குவதால் நினைவு அழியக்கூடும் என்பதற்குச் சுண்டெலிகளில் சான்று கண்டு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்டனர்.

அப்படியானால் இவற்றை அடக்கிவிட்டால் போதாதா? அவ்வாறுதான் முதலில் எண்ணினர். வீக்கம் தணிக்கும் மாத்திரைகளை முதியோருக்குக் கொடுத்து அல்ஸைமர் நோயைத் தடுக்கலாமா என்று 2001-ஆம் ஆண்டில் ஒரு பெரிய சோதனை தொடங்கினர். எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை.

2013-ஆம் ஆண்டில் மறுபக்கம் தெரிந்தது. போர்ச்சுகல் நாட்டுப் பெண் விஞ்ஞானி ரீட்டா கெரெய்ரோவின் குழுவும், ஐஸ்லாந்துக் குழுவொன்றும் ஒரே சமயத்தில் ஒரு மரபணுவைச் சுட்டின. ட்ரெம்-2 என்பது அதன் பெயர். மைக்ரோகிளியா கழிவை உணர்ந்து விழுங்குவதற்கு இது தேவை. இம்மரபணுவில் ஒரு சிறு மாற்றம் உள்ளோர்க்கு அல்ஸைமர் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு ஆகிறது. ஆக, காவலர் சோம்பினாலும் நோய்; வெறி கொண்டாலும் நோய். அடக்கவும் வேண்டும், ஊக்கவும் வேண்டும். எப்போது எதைச் செய்வது என்பதே இன்றைய ஆராய்ச்சியின் உயிர்நாடி.

2023-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் முழு ஒப்புதல் பெற்ற லெக்கானிமேப் என்னும் ஊசி மருந்து அமிலாய்டின்மேல் ஒட்டிக்கொள்கிறது. இதை அகற்றுக என்று அடையாளமிட்டது போலாகிறது. மைக்ரோகிளியா வந்து விழுங்குகின்றன. ஏறத்தாழ 1,800 நோயாளிகளிடம் 18 மாதம் நடந்த சோதனையில், நோய் முற்றும் வேகம் 27 சதவிகிதம் குறைந்தது. நோய் நீங்கிவிடவில்லை, இழந்த நினைவு திரும்பவும் இல்லை. சிலருக்கு மூளையில் வீக்கமும் இரத்தக் கசிவும் ஏற்பட்டன. ட்ரெம்-2 வழியாக மைக்ரோகிளியாவை நேரடியாக ஊக்குவிக்க முயன்ற மருந்தொன்று 2024-ஆம் ஆண்டுச் சோதனையில் பலன் தரவில்லை. பழுதுபட்ட மைக்ரோகிளியாவால் வரும் அரிய பரம்பரை நோயொன்றில், எலும்பு மச்சையை மாற்றிப் பொருத்திப் புதிய அணுக்களை மூளைக்குள் குடியேற்றும் முயற்சியும் நடைபெறுகிறது. சீன மருத்துவர்கள் அவ்வாறு சிலரிடம் நோய் மேலும் முற்றாமல் நின்றதாக 2025-ஆம் ஆண்டில் அறிவித்தனர். பாதை நெடியது, விளக்கு எரிகிறது.

நாம் கற்பவை

ஓர்த்தேகாவின் வாழ்வு நமக்கு உணர்த்துவன பல. பிறர் ஒன்றுமில்லை என்று தள்ளியதை அவர் மீண்டும் பார்த்தார். சாயம் ஏறாத அணுவைக் குறை கூறாமல் தம் சாயத்தைத் திருத்தினார். பரீட்சையில் ஒரு முறை தவறினால் நோட்டுப் புத்தகத்தை மூடிவிடும் மாணவியர் இதை எண்ணிப் பார்க்கட்டும். கோள் சொற்கள் ஒரு நல்லாசிரியரையும் ஒரு நன்மாணவரையும் எவ்வாறு பிரித்தன என்பதையும் எண்ணிப் பார்க்கட்டும். வகுப்பறையில் நாம் விளையாட்டாய்க் கூறும் ஒரு சொல் யாருடைய கதவை அடைக்கும் என்று நாம் அறிய மாட்டோம். மேலும், தாம் அறிந்ததை ஒளிக்காமல் கற்பித்தவருக்குக் காலம் எவ்வாறு கைம்மாறு செய்தது என்பதையும் மனத்தில் கொள்வோமாக.

பெற்றோர்க்கும் ஒரு சொல். வீட்டிலுள்ள பாட்டியோ தாத்தாவோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், சாப்பிட்டதை மறந்து மீண்டும் சோறு கேட்டால், வயதானால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறோம். சில வேளைகளில் கடிந்துகொள்கிறோம், பிள்ளைகளும் சிரிக்கிறார்கள். முற்றிய மறதி முதுமையின் இயல்பன்று. அது மூளையில் நிகழும் நோய். காய்ச்சல் கண்டவரைக் கடிந்துகொள்வோமா? அவ்வாறே மறதி கண்டவரையும் கடியலாகாது. தக்க மருத்துவரிடம் காலத்தோடு காட்டுவது நம் கடமை. காது கேளாமை, உயர் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய் ஆகியவற்றை முன்கூட்டியே கவனித்துக்கொண்டால் இந்நோய் வரும் வாய்ப்பு ஓரளவு குறைகிறது என்றும் மருத்துவர்கள் கூறுகின்றனர்.

பேத்தியின் பெயரை மறந்த பாட்டிக்குப் பேத்தியின் கையின் வெதுவெதுப்பு இன்னமும் இதமளிக்கும். மருந்து வரும் வரை அந்தக் கை அவரை விடாதிருக்கட்டும். அந்த மருந்தைத் தேடும் நுண்ணோக்கியின் முன் நாளை நம் பள்ளி மாணவியர் சிலரும் அமர்வார்களாக!